மூன்றாவது பிஸ்டன்

அன்னூரில் பூங்கோதையின் இன்ஜின் பட்டறை எங்கே என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். முப்பத்துமூன்று வயது. வண்டி வாசலில் வந்து நிற்கும்போதே சத்தத்தைக் கேட்டுக் கோளாறைச் சொல்லிவிடுவாள். அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்தவர் நாச்சிமுத்து. அவருக்கு நாற்பத்தெட்டு. சீடனுக்குத் தலை நரைத்து, குருவுக்கு இன்னும் நரைக்காத பட்டறை அது.

நாச்சிமுத்து இருபத்தாறு வருடம் அனுப்பர்பாளையத்தில் பாத்திரங்களுக்குப் பாலிஷ் போட்டவர். அவர் கை பட்ட பித்தளைக் குடத்தில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். பாலிஷ் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது, இனி அந்தப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இங்கே வந்தார். வந்து எட்டு மாதம் ஆகிறது. முதல் நாளே அவளை மேஸ்திரி என்று கூப்பிட்டார், அதன்பின் மாற்றவில்லை.

கோத்தகிரி டாக்சிக்காரர் பெள்ளியின் வண்டி வேலைக்கு வந்திருந்தது. ஏற்றத்தில் நீலப் புகை விடுகிறது, வாரத்துக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது.

பூங்கோதை இன்ஜினைப் பிரித்து நாலு பிஸ்டனையும் அளந்துவிட்டுப் பெள்ளியிடம் சொன்னாள்.

"பிஸ்டன் நல்லாருக்குதுங்ணா. அதைச் சுத்தி இருக்கற ரிங்குதான் தேஞ்சு போச்சு. அதை மட்டும் மாத்துனாப் போதும்."

பிறகு சிலிண்டர்களின் உட்சுவரை ஹோனிங் கல்லால் தேய்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் நாச்சிமுத்து அவளுக்கு முன்னால் வந்துவிட்டார். சிலிண்டருக்குள் எட்டிப் பார்த்தார். சுவர் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல். அவருக்குப் பொறுக்கவில்லை. பாதியில் நின்ற வேலை போல என்று நினைத்துக்கொண்டார். நைஸ் எமரித் தாளும் துணியுமாக உட்கார்ந்தவர் இரண்டு மணி நேரம் நிமிரவில்லை.

பூங்கோதை வந்து குனிந்து பார்த்தாள்.

"என்ர மூஞ்சி தெரியுதுங்ணா."

"ஆமாங் மேஸ்திரி" என்றார் பெருமையாக.

அவள் ஆயில் கேனை எடுத்துச் சுவரில் ஒரு சொட்டு விட்டாள். அது எங்கேயும் நிற்காமல் கீழே ஓடியது.

"அந்தக் கீறல்லதான் ஆயில் தங்கணுங்ணா. அதுல ரிங் பதியணும். இப்படி வழவழன்னு இருந்தா மறுபடியும் புகைதான்."

நாச்சிமுத்துவின் முகம் சுண்டிப்போனது. பூங்கோதை கேஜை உள்ளே விட்டு அளந்தாள். நல்லவேளை, சிலிண்டர் அளவு மீறித் தேயவில்லை. ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் ஹோனிங் கல்லை எடுத்து, மறுபடியும் முதலிலிருந்து கீறத் தொடங்கினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

சோறு கொண்டுவந்த தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனார். அங்கிருந்து திரும்பி வந்தார்.

"மேஸ்திரி, என்ர கைக்குத் தெரிஞ்சது ஒரே வேலைங்க. அது இங்க தப்பாப் போவுது. அங்க திரும்பிப் போகவும் வழியில்லை. அந்த இருவத்தாறு வருசத்தை எந்தக் குப்பையில கொண்டு போய்க் கொட்டறதுங்க?"

பூங்கோதை ஹோனிங் கல்லைக் கீழே வைத்தாள். கழற்றிப்போட்ட பழைய ரிங் ஒன்றை எடுத்தாள். இரண்டு கையாலும் வளைத்துப் பட்டென்று உடைத்தாள். ஒரு துண்டை அவரிடம் நீட்டினாள்.

"பிஸ்டன்ல ரிங் உக்கார்ற பள்ளத்துல கரி அடைஞ்சு கெடக்குது. இதுல சொரண்டுங்ணா."

"இதுக்குன்னு தனியா ஒண்ணும் விக்கறதில்லீங்களா?"

"விக்குதுங். வாங்கியும் வெச்சிருக்கேன். அது கரியோட பிஸ்டனையும் சேத்துச் சொரண்டிப்போடுது. இது அந்தப் பள்ளத்துலயே ஓடுனது."

நாச்சிமுத்து தூக்குப்போசியைக் கீழே வைத்தார்.

உடைந்த துண்டு பள்ளத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. கரி பொடிப்பொடியாக உதிர்ந்தது. முதல் பிஸ்டன் முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. ஒவ்வொன்றையும் துடைத்ததும் கட்டைவிரலால் சுற்றி ஒரு தடவு தடவினார். குடமோ குத்துவிளக்கோ, வேலை முடிந்தால் அப்படித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார். அந்தப் பழக்கம் போகவில்லை.

மூன்றாவது பிஸ்டனில் விரல் நின்றது.

"மேஸ்திரி, இங்க ஏதோ இருக்குதுங்க."

பூங்கோதை டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. தன் விரலால் தடவிப் பார்த்தாள். வழவழப்பாகத்தான் இருந்தது.

"நெசமாலுமாங்ணா?"

"கண்ணுக்குத் தெரியலீங்க. விரலுக்குத் தெரியுது."

நேற்று அவளே அளந்து, நல்லாருக்கு என்று சொன்ன பிஸ்டன் அது. வேறு ஆளாக இருந்தால், காலையில் பண்ணிவைத்த காரியம் போதாதா என்று ஒரு முறை முறைத்திருப்பார்கள். பூங்கோதை கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பிஸ்டனை அதில் ஊறப்போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து நன்றாகத் துடைத்தாள். சாக்பீஸைப் பொடித்து அதன்மேல் தூவினாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

வெள்ளைப் பொடியில் ஈரக்கோடு ஒன்று மெல்ல எழுந்து வந்தது. பள்ளத்தின் மூலையிலிருந்து கீழே, முடி அளவுக்கு. விரிசல்.

தினமும் ஆளை ஏற்றிக்கொண்டு மலையேறுகிற வண்டி அது. கொண்டை ஊசி வளைவில் பிஸ்டன் உடைந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே நாச்சிமுத்துவுக்குப் பயமாக இருந்தது.

பூங்கோதை அங்கேயே நின்று பெள்ளிக்குப் போன் போட்டாள்.

"பெள்ளியண்ணா, வண்டி நாளைக்குக் கெடைக்காதுங். புது பிஸ்டன் வரணும், ரெண்டு நாள் ஆகும். மூணாவது பிஸ்டன் நல்லாருக்குன்னு நான் சொன்னது தப்புங்ணா. விரிசல் உட்டிருக்குது. நான் பாக்காம உட்டுட்டேன். நாச்சிமுத்து அண்ணன்தான் கண்டுபுடிச்சாரு."

ஆயில் விலையைச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். பட்டறை வைத்திருப்பவர் தன் தப்பைத் தன் வாயால் இப்படிச் சொல்லி நாச்சிமுத்து பார்த்ததே இல்லை. இந்தப் பிள்ளையிடம் வந்து சேர்ந்தோமே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மேஜையைச் சுத்தம் பண்ணினார். கரித்தூளையும், கறுத்துப்போன அந்த ரிங் துண்டையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு குப்பை டின் பக்கம் போனார். போகிற வழியில் நின்றார்.

"காத்தால அந்த இருவத்தாறு வருசத்தைப் பத்தி ஒண்ணு கேட்டனுங் மேஸ்திரி. நீங்க பதிலே சொல்லலீங்க."

பூங்கோதை அவர் கையைப் பார்த்தாள்.

"அந்தத் துண்டைக் குப்பையில போட்றாதீங்ணா. நாலாவது பிஸ்டன் இன்னும் பாக்கி இருக்குதுங்களே."