மஞ்சள் அடித்த கண்மாய்

"மேடம், இந்த மாடல் என்னைப் பைத்தியமாக்கிடும்."

சொன்னவர் குருசாமி. பெயரில்தான் குரு, ஆள் சிஷ்யர். பாதி ஆயுள் நிலம் அளந்துவிட்டு, நரைத்த பிறகு செயற்கைக்கோள் படம் படிக்க வந்தவர்.

கற்றுக்கொடுப்பவர் நாச்சியார். குருசாமியைவிட இளையவர். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் நல்ல பழக்கம் அவருக்குக் கிடையாது.

அப்போது அவர் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க சார்."

குருசாமி உட்காரவில்லை. அந்த மனிதருக்கு உட்காரவே தெரியாது. நின்ற இடத்திலேயே நாலு பக்கமும் நடப்பார்.

விஷயம் இதுதான். மாவட்டம் முழுமைக்கும் ஒரு வரைபடம் வேண்டும் என்று கலெக்டர் அலுவலகம் கேட்டிருந்தது. வானிலிருந்து எடுத்த படங்களைக் காட்டி, இது நீர், இது வயல், இது வீடு, இது தரிசு என்று கணினியைப் பழக்க வேண்டும். அப்படிப் பழகியதற்குத்தான் மாடல் என்று பெயர். பழகிவிட்டால் மாவட்டம் முழுக்க அதுவே நிறம் அடித்துவிடும். நீருக்கு நீலம், வயலுக்குப் பச்சை, வீட்டுக்குச் சிவப்பு, தரிசுக்கு மஞ்சள்.

குருசாமியின் மாடல் சோதனையில் ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாகச் சொன்னது. எல்லோரும் கைகுலுக்கினார்கள். அவரும் இரண்டு நாள் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு திரிந்தார்.

மூன்றாம் நாள் காலை பஞ்சவர்ணம் வந்துவிட்டார்.

கீழப்பூலான்குடிக்காரர். ஊர்க் கண்மாய்க்குக் கீழே நெல் போடுகிறவர். கிராமத்துக்குக் காட்டிய முன்வரைவு வரைபடத்தைப் பார்த்துவிட்டு, பஸ் ஏறி, விசாரித்து விசாரித்து மாடிப்படி ஏறி வந்திருந்தார்.

"எங்க கம்மாய்க்கு ஏன்யா மஞ்ச அடிச்சீக?"

குருசாமி திரையைப் பார்த்தார். மஞ்சள்தான். கண்மாய் முழுக்க, கரையோடு சேர்த்து, பளிச்சென்று மஞ்சள்.

"தரிசுங்கிறாக. தரிசா இருந்தா குடோன் கட்டலாமாம். நாளைக்கு நீங்க மேப்பைக் குடுத்ததும் கையெழுத்துப் போடப் போறாகளாம். கம்மாய மேடாக்கிட்டா என் நெல்லு எதக் குடிக்கும்?"

குருசாமி கீபோர்டைக் கிட்டே இழுத்தார்.

"சரி பண்ணிடுறேம்மா."

"பண்ணுங்க. நெறம் மாறாம நான் எந்திரிக்க மாட்டேன்."

பஞ்சவர்ணம் பிளாஸ்டிக் நாற்காலியைக் குருசாமியின் மேஜைக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் குருசாமி நாச்சியாரின் அறைக்கு ஓடி வந்தது.

"வேற மாடல் போட்டுப் பாக்கட்டுமா மேடம்?"

"போட்டுப் பாருங்க."

ஓடினார். வேறு மாடல் போட்டார். அதுவும் மஞ்சள் என்றது. மாடலுக்குள் இருக்கும் கணக்கு அடுக்குகளைக் கூட்டினார். இன்னும் உறுதியாக மஞ்சள் என்றது. குறைத்தார். கணினி யோசித்து, சூடாகி, விசிறி சத்தம் போட்டு, கடைசியில் மஞ்சள் என்றது.

ஒவ்வொரு முறையும் பஞ்சவர்ணம் திரையை எட்டிப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று குருசாமிக்கு இருந்தது.

மறுபடி நாச்சியாரின் அறைக்கு ஓடினார்.

"மேடம், நானே கையால நீலம் அடிச்சு விட்டுடவா? ஒரு நிமிஷ வேலை."

"அடிங்க."

குருசாமிக்கு உயிர் வந்தது. கதவுவரை போய்விட்டார்.

"சார்."

நின்றார்.

"அந்தம்மா பஸ் ஏறி வந்துட்டாங்க. வராத ஊருக்கு?"

நாச்சியார் டிபன் பாக்ஸை மூடினார்.

குருசாமி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்மாய்களுக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் அது. அவற்றில் எத்தனை மஞ்சளில் கிடக்கிறதோ, யாருக்குத் தெரியும்? வரைபடத்தின் மூலையில் தன் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டது ஞாபகம் வந்து, வெட்கமாக இருந்தது.

"அப்ப நான் என்னதான் செய்யணும் மேடம்? சொல்லித் தொலைங்களேன்!"

கத்திவிட்டார். கத்திய பிறகுதான் யாரிடம் கத்தினோம் என்று உறைத்தது.

நாச்சியார் கோபப்படவில்லை. போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். முதல் முறையாகக் குருசாமியின் மேஜைக்குத் தானே நடந்து போனார்.

"மாடலை மூடுங்க. அதுக்குக் காட்டின படங்களைக் காட்டுங்க."

குருசாமி ஒவ்வொன்றாகத் திறந்தார். சாலைகள் கோடு கோடாகத் தெரிந்தன. வீடுகளின் நிழல்கூடத் தெரிந்தது.

"அழகா இருக்கு."

"தேடித் தேடிப் பொறுக்கினது மேடம்." இந்த அவஸ்தையிலும் குருசாமிக்குக் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. "ஒவ்வொண்ணும் கண்ணாடி மாதிரி இருக்கும். சோதிச்சதும் இதே மாதிரிப் படத்தை வச்சுத்தான்."

"பொறுக்காததெல்லாம் எங்க?"

"அது எதுக்கு மேடம்? அதுல ஒண்ணும் இல்ல."

"எங்க?"

குருசாமி ஒரு கோப்புறையைக் காட்டினார். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'ஆகாதவை'.

"திறங்க."

முதல் படம் பஞ்சுப் பொதியை உதறிவிட்டதுபோல் வெள்ளையாக இருந்தது. அடுத்ததும் வெள்ளை. அதற்கடுத்ததில் பாதி வெள்ளை.

பஞ்சவர்ணம் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்தார்.

"இது என்னய்யா, வெள்ள வெள்ளயா?"

குருசாமி வாயைத் திறப்பதற்குள் நாச்சியார் கையமர்த்தினார். பஞ்சவர்ணத்தின் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சார்."

குருசாமி உட்கார்ந்தார்.

"இதெல்லாம் ஏன் ஆகாதுன்னு ஒதுக்குனீங்க? இவங்ககிட்ட சொல்லுங்க. இவங்க முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

அவ்வளவுதானே என்று குருசாமி தொடங்கினார்.

"ஒண்ணுமில்லம்மா. இதெல்லாம் மேகம். மேகம் வந்துட்டா எங்களுக்கு ஆகாது. அதனால ஒரு பொட்டு மேகம் இருந்தாலும் அந்தப் படத்த…"

பஞ்சவர்ணம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.



குருசாமி மெல்லத் திரைப் பக்கம் திரும்பினார். படத்தின் மூலையில் இருந்த தேதியைப் படித்தார். கார்த்திகை மாதம். கீழப்பூலான்குடி இருக்கும் இடத்தைப் பெரிதாக்கினார். இரண்டு மேகங்களுக்கு நடுவே ஒரு கிழிசல். கிழிசலுக்குள் கண்மாய், கரை முட்டத் தண்ணீரோடு கிடந்தது.

அவர் பொறுக்கிய படங்களின் தேதிகளைப் பார்த்தார். மாசி. பங்குனி. சித்திரை. வைகாசி. மறுபடி மாசி.

குருசாமி நெடுநேரம் எழுந்திருக்காமலே இருந்தார்.

பிறகு போனை எடுத்துக் கலெக்டர் அலுவலகத்துக்குப் பேசினார்.

"சார், மேப் நாளைக்கு வராது. ஊருக்குக் காட்டினதையும் செல்லாதுன்னு சொல்லிடுங்க. எழுதியும் குடுத்துடுறேன்."

மறுமுனையில் சத்தம் போட்டார்கள். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்டது. எல்லோரும் பாராட்டின மேப்பாச்சே, மாடல் கெட்டுப்போச்சா என்றார்கள்.

"மாடல் மேல ஒரு குத்தமும் இல்ல சார்," என்றார் குருசாமி. "நான்தான் கோடைய மட்டும் காட்டி வளத்துட்டேன்."