பூதத்தின் முதுகுச் சூட்டில் எரிந்த விளக்கு

ஏழு மலைக்கு அந்தப் பக்கம், யாருக்கும் வயது நினைவில்லாத ஒரு காலத்தில், கனலூர் என்றோர் ஊர் இருந்தது. அங்கே வடிவு புட்டு அவிப்பாள், அவள் புருஷன் வேலப்பன் விற்பான்.

ஒருநாள் காலையில் கருங்காடன் என்ற மந்திரவாதி எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து முதல் புட்டு தனக்குத்தான் என்றான். "வரிசையில..." என்று வேலப்பன் வாயைத் திறந்ததுதான் தாமதம், கோலை நீட்டி அவனைக் கல்லாக்கிவிட்டான்.

வடிவு அழுதாள், கெஞ்சினாள். மந்திரவாதிக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"திரி இல்லாம, எண்ணெய் இல்லாம, தீ இல்லாம ஒரு விளக்கு ஏத்து. உன் புருஷன் எழுந்திருப்பான், என் மந்திரமும் என்னை விட்டுப் போயிடும். ஆடி முடியறதுக்குள்ள ஏத்தலைன்னா அவன் கல்லுதான்."

ஆடியில் கனலூரில் ஒரு வழக்கம் உண்டு. மலை வெடிப்புக்குள் இருக்கும் பூதத்தின் கோபம் தணியட்டும் என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். உள்ளிருந்து புஸ்ஸென்று ஆவி சீறும். கோபம் தணியவில்லை என்று விழுந்தடித்து ஓடுவார்கள். அடுத்த ஆடியில் இன்னும் அதிகமாக ஊற்றுவார்கள். இவர்களை என்ன சொல்வது!

அந்த வருஷம் வடிவு ஓடவில்லை. அவள் தினமும் கேட்கிற புட்டுப்பானைச் சத்தம்தானே அது? வெடிப்பின் ஓரம் குனிந்து, என்ன கோபம் என்று பூதத்தையே கேட்டாள்.

"கோபமெல்லாம் இல்ல தாயி. என் முதுகு எப்பவும் சூடு. தண்ணி பட்டா ஆவியாகுது, ஆவி வெளிய வரப் பாக்குது. அவ்வளவுதான்."

பானை மூடியையே தூக்கும் ஆவி சக்கரத்தைச் சுற்றாதா? வெடிப்புக்குள் தண்ணீர் ஊற்றி, கல் வைத்து அடைத்து ஒரு சின்னத் துளை மட்டும் விட்டாள். அதன் எதிரே கொல்லர் செய்த இரும்பு இதழ்ச் சக்கரத்தை மாட்டினாள். சக்கரம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. விளக்கு மட்டும் வரவில்லை. வடிவு சோர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டாள்.

பூதத்துக்கு மனசு கேட்கவில்லை. ஒரு காந்தக்கல்லையும் ஒரு கண்ணாடிக் குமிழையும் மேலே தள்ளியது. கல்லைச் சக்கரத்தின் அச்சில் கட்டி, சுற்றிலும் செம்புக்கம்பியைச் சுருள் சுருளாக வைக்கச் சொன்னது. காந்தம் சுழன்றால் கம்பியில் மின்சாரம் ஓடுமாம். ஆறிய ஆவி தண்ணீரானதும் அதைத் திரும்பத் தன் முதுகிலேயே விடச் சொன்னது.

ஆடியின் கடைசி நாள், கம்பியின் முனையில் மாட்டிய அந்தக் கண்ணாடிக் குமிழ் பளிச்சென்று எரிந்தது.

கருங்காடன் ஓடிவந்தான். திரியைத் தேடினான், இல்லை. எண்ணெயைத் தேடினான், இல்லை. தீ கீழே ஒளிந்திருக்கிறது என்று கத்தினான்.

"என்கிட்ட ஏதுப்பா தீ? வெறும் சூட்டுப் பாறை" என்றது பூதம்.

மந்திரக்கோல் சாதாரணக் குச்சியானது. கல் அசைந்தது. வேலப்பன் கண்ணைத் திறந்து, விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தான்.

"...வாங்க சாமி, எல்லாருக்கும் உண்டு."

வடிவு அழுதுகொண்டே சிரித்தாள். குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கருங்காடன் வரிசையின் கடைசியில் போய் நின்றான்.