மேட்டில் விழுந்த குழி

அமெரிக்காவில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் தனித்தனியாக பேஸ்பால் ஆடிய காலம். எலையஸின் கறுப்பு அணிக்குச் சொந்த மைதானம் கிடையாது. வெள்ளை அணி வெளியூர் போன நாட்களில் அவர்களுடைய மைதானத்தை வாடகைக்கு எடுத்து ஆடுவார்கள். உடை மாற்றும் அறைக்கு மட்டும் பூட்டு. பேருந்திலேயே மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

பந்து வீசுகிறவர் மண்மேட்டில் நின்று, ஒரு காலை வீசி எட்டு வைப்பார். அந்தக் கால் பதியும் இடத்தில் போகப்போகக் குழி விழும். ஆட்டம் முடிந்ததும் கறுப்பு அணி அதை மூடிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வந்துபோன சுவடே தெரியக் கூடாதாம். வெள்ளை ஆட்டக்காரர்களுக்கு அந்த வேலை கிடையாது.

எலையஸ் தன் குழியைத் தானே மூடுவார். அவரிடம் பந்துவீச்சு கற்ற கால்வின் தண்ணீர் தெளிப்பான். அவரைப் போல் வீச ஆளில்லை என்று வெள்ளை ஆட்டக்காரர்களே சொல்வார்கள், யாரும் பக்கத்தில் இல்லாதபோது.

அன்று ஆட்டம் முடிந்ததும் கால்வின் வாளியோடு வந்து தயங்கி நின்றான்.

"ஐயா, வெள்ளை அணியில என்னைச் சேர்த்துட்டாங்க. முதல் கறுப்பன் நான்தானாம். நாளைக்கு இதே மேட்டுல வீசணும்."

எலையஸ் நிமிர்ந்தார்.

"என்னைப் பத்தி எதுவும் கேட்டாங்களா?"

"உங்களுக்கு வயசாயிடுச்சுன்னு சொன்னாங்க."

"ஆமா. அவங்க கதவைத் திறக்கிறதுக்குள்ள ஆயிடுச்சு."

கால்வின் வாளியைக் கீழே வைத்தான்.

"நீங்க போக முடியாத இடத்துக்கு நான் போகலை. வேண்டாம்னு சொல்லிடறேன்."

"உளறாதே."

"உங்களுக்கு ஆசையே இல்லையா, ஐயா?"

"இல்லாமலா? ஒவ்வொரு தடவை மூடும்போதும் ஏங்கியிருக்கேன். ஒரே ஒரு நாள், என் குழி இந்த மேட்டுல அப்படியே கிடக்கணும்னு."

கால்வின் சட்டென்று குனிந்து மண்ணை அள்ளினான்.

"இன்னிக்கு நான் மூடறேன்."

"விடு. இது என்னோடது."

எலையஸ் மண்டியிட்டார். மண்ணைத் தள்ளினார், தட்டினார், உள்ளங்கையால் தடவித் தடவிச் சமப்படுத்தினார். வழக்கத்தைவிட வெகு நேரம் பிடித்தது. பேருந்தில் ஹாரன் அடித்துக் கூப்பிட்டார்கள். அவர் காதில் வாங்கவில்லை.

பிறகு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நாளைக்கு ஆட்டம் முடிஞ்சதும் பழக்க தோஷத்துல குனிஞ்சுடாதே."