ராயன் பக்கத்துத் தரகர்

சந்தை கலைந்து மூன்று நாள் ஆகியிருந்தது. மைதானம் முழுக்க முளைக்குச்சிகள் மட்டும் நின்றன. மாடும் இல்லை, மனுசனும் இல்லை. அந்த மைதானத்தின் ஓரத்துக் குடிசையில்தான் குரு மாதேசர் இருந்தார். அவருக்கு நாற்பது வயது. அவருக்கு இருந்த ஒரே சீடர் செங்காளி. செங்காளிக்கு அறுபத்திரண்டு.

செங்காளி மாட்டுத் தரகர். எழுத்து தெரியாது. தெரிந்ததெல்லாம் அடிபட்டுக் கற்றது. பேரத்தில் அவரை மடக்க அந்தச் சீமையில் ஆள் கிடையாது. கோபம் மட்டும் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும்.

போன வருசம் ராயன் என்பவன் இரண்டு காளைகளுக்கு ஆசைப்பட்டு, செங்காளியின் ஒரே மகனை நடுவழியில் மறித்து அடித்துக் கொன்றான். மூன்று மாதத்தில் செங்காளியின் மனைவியும் போய்ச் சேர்ந்தாள். செங்காளி வீட்டைப் பூட்டக்கூட இல்லை. சாத்திவிட்டு நடந்தவர் இங்கே வந்துதான் நின்றார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. கொன்றவன் குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் அவனைத் தூக்கில் போட அரசன் சொல் மட்டும் போதாது. செத்தவன் வீட்டில் யார் மிச்சமோ, அவர் வாயால் 'போடு' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கொன்றவன் சாகும்வரை கோட்டைக்குக் கல் உடைப்பான்.

ராயன் ஒப்புக்கொண்டு சிறையில் கிடந்தான். மிச்சம் இருந்தது செங்காளி ஒருவர்தான். பதில் வாங்க அரண்மனைச் சேவகன் இன்றைக்கு வருகிறான்.

"சாமி, ஒரே வார்த்தையில சொல்லுங்க. அவனைத் தூக்குல போடுறது நியாயமா, இல்லையா?"

மாதேசர் முறத்தில் வரகைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "உங்களுக்கு என்ன தோணுது?"

"எனக்குத் தோணுறதை நானே கேட்டுக்கவா ஒரு வருசமா உங்க கூழைக் குடிச்சுக்கிட்டுக் கிடக்கறேன்? கொன்னவன் சாகணும். விட்டா நாளைக்கு ஆளாளுக்குத் தடியைத் தூக்குவான்."

"தூக்கினாலும் தூக்குவான்."

"அவன் வேளாவேளைக்குத் தின்னுட்டுக் கல் உடைப்பான். என் பையன் மண்ணுக்குள்ள. இது எந்த ஊர் நியாயமுங்க?"

"நியாயமில்லைதான்."

"எல்லாத்துக்கும் ஆமாம் போடுறீங்க. அப்ப போடச் சொல்லிடட்டுமா?"

"இதுவரைக்கும் ஏன் சொல்லலை?"

செங்காளி அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"போன மாசம் ராயன் பெண்டாட்டி கைக்குழந்தையோட இங்க வந்தா. நீங்க தண்ணிக்குப் போயிருந்தீங்க. கால்ல விழுவான்னு பார்த்தேன். விழலை. 'எதுவானாலும் சீக்கிரம் சொல்லிடுங்க, காத்துக் கிடக்க முடியலை'ன்னா. கல்லை எடுத்து வீசினேன்."

"பட்டுதா?"

"இல்லை."

"உங்களுக்குக் குறி தப்பாதே."

செங்காளிக்குச் சுர்ரென்று ஏறியது. எழுந்து நின்றார். மாதேசர் முறத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டார்.

"துண்டை எடுங்க, செங்காளியாரே. வியாபாரம் பேசுவோம்."

சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டைப் போர்த்தி, அதற்கடியில் எதிராளியின் விரலைப் பிடித்துத்தான் கேட்பார்கள். பேரம் படிந்தால் கையை விட வேண்டும். படிகிறவரை விடக் கூடாது.

"விளையாடுற நேரமாங்க இது?"

"நான் ராயன் பக்கத்துத் தரகர். அவன்கிட்ட உங்களுக்கு என்ன வேணும்? கேளுங்க."

செங்காளி தோள் துண்டை உருவி இருவர் கைக்கும் மேலே போட்டார். உள்ளே குருவின் ஒற்றை விரலைப் பிடித்தார். ஒடித்துவிடுகிற பிடி.

"ஒரு உசுரு. அவனுது."

"சரி" என்றார் மாதேசர்.

செங்காளிக்குத் திக்கென்றது. நாற்பது வருசச் சந்தையில் முதல் பேச்சிலேயே சரி என்று எவனாவது சொல்லியிருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கேட்டது கம்மி.

"இருங்க, இருங்க." இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தார். "அவன் பெண்டாட்டி. என் வீட்டுக்காரியும்தானே போனா."

"சரி."

"எதிர்ப்பேச்சுப் பேசுங்க சாமி! இழுக்காதவன் என்ன தரகன்?"

"கொடுக்கிறதா வந்திருக்கேன். இழுக்கறதுக்கு என்ன இருக்கு? கேளுங்க."

மூன்றாவது விரலையும் பிடித்தார். "அந்தக் குழந்தை." சொன்ன குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகமாயிருந்தது.

"சரி."

செங்காளி ஐந்து விரலையும் அள்ளிப் பிடித்தார். "அவன் பொறந்த ஊரு. மொத்தமும்."

"சரி. அதுக்கு மேல இந்தக் கையில விரல் இல்லை. படிஞ்சுதா?"



"படியலை" என்றார் செங்காளி.

"பத்தலையா?"

"பத்தலை."

"வேற என்ன வேணும்?"

செங்காளி கையை விடவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சேவகன் வந்து சேர்ந்தான். வெயிலில் வேர்த்து விறுவிறுத்து நின்றவன் துண்டைப் பார்த்துச் சிரித்தான். "என்ன பெரியவரே, மாடே இல்லாத சந்தையில பேரமா?"

"வாயை மூடுடா."

"மூடிக்கறேன். நீங்க திறங்க. போடுறதா, வேண்டாமா? நான் நாலு காதம் திரும்பி நடக்கணும்."

சேவகன் ஒரு காலில் இருந்து மறு காலுக்கு மாறி நின்றான்.

"வேண்டாம்" என்றார் செங்காளி.

"நல்ல மனசுங்க. மன்னிச்சுட்டாருன்னு சொல்லிடறேன்."

"மன்னிச்சேன்னு எவனாவது சொன்னான், பல்லைப் பேத்துடுவேன்! எனக்கு வேணுங்கறது அவன்கிட்ட இல்லை. அதனால வேண்டாம். அப்படிப் போய்ச் சொல்லு."

"அது என்னன்னு அங்கே கேட்பாங்களே?"

"போடா அங்கிட்டு!"

சேவகன் போனான். மைதானத்தைத் தாண்டுகிறவரை அவன் தலைப்பாகை தெரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

"நான் செஞ்சது சரியாங்க?"

"தெரியலை" என்றார் மாதேசர்.

"என் பையன் என்ன நினைப்பான்?"

"அதுவும் தெரியலை."

"ஊர்ல கையாலாகாதவன்னு பேசுவாங்க. பேசட்டும். ஆனா கோவம் அப்படியே இருக்குதுங்க சாமி. ஒரு பிடி குறையலை. இதை எங்க கொண்டுபோய் இறக்கறது?"

"கேட்டதுக்கெல்லாம் சரின்னு சொன்னவன் எதிர்லதானே உட்கார்ந்திருக்கேன். என்னைத் திட்டுங்க."

செங்காளி திட்டத்தான் வாயைத் திறந்தார். வந்தது மகனுடைய பேர்.

கூப்பிட்டதற்கு 'என்னப்பா' என்று பதில் குரல் வரவில்லை. துண்டுக்கு அடியில் அவர் பிடி இன்னும் இறுகியது.

"இன்னொரு தடவை கூப்பிடுங்க" என்றார் மாதேசர்.