இருளாயி வீட்டு விசாரணை

ஏரிக்கரை மடத்தின் குருவை எல்லோரும் அம்மை என்பார்கள். அவருக்கு நாற்பது வயது. சீடர் தில்லைநாயகத்துக்கு அறுபத்திரண்டு. தாலுகா ஆபீசில் முப்பது வருடம் பேனா பிடித்து ஓய்வு பெற்று, ஞானம் தேடி வந்தவர்.

ஒருநாள் காலை அவர் குமுறிக்கொண்டு அம்மை முன் வந்து நின்றார். பின்தெரு இருளாயிக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. அரசாங்கம் பதினோரு வருடமாக மாதாமாதம் தரும் ஆயிரத்து இருநூறில்தான் அடுப்பு எரிகிறது. அதைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்று வீட்டைச் சட்டி பானை வரை சோதித்துப் பார்க்க மூன்று நாளில் அதிகாரி வருகிறார். பழைய சேலையைக் கட்டு, மின்விசிறியைப் பக்கத்து வீட்டில் வை, குனிந்து பதில் சொல் என்று இவர் போய் நல்லது சொன்னார். நல்லது சொல்கிறவர்களுக்கு ஊரில் என்ன பஞ்சம்!

அவளோ, “ஏன் சாமி, கூடவே ரெண்டு நாள் பட்டினி கெடக்கட்டுமா? பாக்க இன்னும் லட்சணமா இருக்கும்” என்று தெருவே சிரிக்கக் கேட்டுவிட்டாளாம்.

“திமிர், அம்மா. கையேந்துகிறவளுக்கு இது ஆகுமா? நீங்கள் கூப்பிட்டு அடக்கம் சொல்லிக் கொடுங்கள். இல்லாவிட்டால் தொகை போய்விடும்.”

“முதலில் சாப்பிட வாருங்கள்” என்றார் அம்மை.

பந்தியில் எல்லோருக்கும் சோறு விழுந்தது. தில்லைநாயகத்தின் இலைக்கு முன் மட்டும் அம்மை கரண்டியோடு நின்றார். காலையில் எத்தனை இட்லி என்று கேட்டார். பென்ஷன் வருகிறதே, அது போதாதா? மகன் ஏன் சோறு போடவில்லை? இந்தக் கண்ணாடி யார் வாங்கிக் கொடுத்தது? பிறகு அவருடைய பையை எல்லோர் முன்னிலும் கவிழ்த்தார். ஒரு பொட்டலம் வறுகடலை விழுந்தது.

“வசதியாகத்தான் இருக்கிறீர்கள்.” அரைக் கரண்டி வைத்துவிட்டு நகர்ந்தார்.

மறுநாளும் அதே கேள்விகள், அதே அரைக் கரண்டி. “நாளைக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாரும் ஓய்” என்று பக்கத்து இலைக்காரர் காதைக் கடித்தார்.

மூன்றாம் நாள் தில்லைநாயகம் கண்ணாடி இல்லாமல், கிழிந்த வேட்டியில் வந்தார். கடலையைத் தூணுக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். அம்மை வாயைத் திறப்பதற்குள் அவர் முதுகு தானாக வளைந்தது. “காலையிலிருந்து ஒன்றுமே சாப்பிடவில்லை, அம்மா.”

பொய். சொன்ன பிறகுதான் அந்தக் குரல் அவர் காதிலேயே விழுந்தது. முப்பது வருடம் மேசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்ட குரல் அது.

அம்மை இலை நிறையச் சோறு போட்டார். தில்லைநாயகம் கை வைக்கவில்லை.

“மூன்றே நாளில் நீங்கள் கற்றுக்கொண்டதை, அந்த அம்மா பதினோரு வருடமாகக் கற்க மாட்டேன் என்கிறார்” என்றார் அம்மை. “அவருக்கு நான் என்னத்தைச் சொல்லிக் கொடுக்க?”

சோறு ஆறிப்போனது.

“நாளைக்கு அதிகாரி வருவாரே, அம்மா. நிறுத்திவிட்டால்?”

“உங்களுக்கு மனு எழுதத் தெரியும். எழுதுங்கள். திருப்பி அனுப்பினால் மறுபடி எழுதுங்கள். ஆனால் நாளைக்கு அந்த அம்மாவோடு வாசலில் போய் நில்லுங்கள்.”

“நின்று?”

“அதிகாரி பானையைத் திறந்தால், உங்கள் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு ஐயா என்று கேளுங்கள்.”