சாம்பல் மண்ணுக்குச் செம்புள்ளி வந்த கதை

மழை விட்டுப் பத்து நாளாகியும் தண்ணீர் வடியாமல் கணுக்கால் ஆழம் நிற்கிற வயலில் நீங்கள் இறங்கி நடந்ததுண்டா? மேல்மண் மாவு மாதிரி வழுவழுவென்று காலை வாங்கிக்கொள்ளும். ஒரு முழம் தோண்டினால் மண்வெட்டி அதற்குமேல் இறங்காது. வெட்டிய கட்டியைப் புரட்டிப் பார்த்தால் சாம்பல் நிறம். அந்தச் சாம்பலுக்குள் யாரோ குங்குமக் கையை உதறிவிட்டுப் போனது போலச் சிவப்புப் புள்ளிகள். நடுநடுவே மிளகு அளவுக்குக் கறுப்பு உருண்டைகள் வேறு. இத்தனையும் ஒரே மண்ணுக்கு எப்படி வந்து சேர்ந்தது?

அந்தக் காலத்தில் மண்ணும் மழையும் காற்றும் மனிதர்களோடு பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரிப் பேசிக்கொண்டிருந்தன. அப்போது பேச்சாயி என்று ஒருத்தி இருந்தாள். இருபது வயதுகூட ஆகவில்லை. இடுப்பில் ஏழு மாதப் பெண்குழந்தை, தலையில் கூடை. கூடையில் இரண்டு புதுப் பானை, ஒரு சின்ன மூட்டை கேழ்வரகு, ஒரு படி விதைத்தினை. அவள் புருஷன் சடையன் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான்.

நிலம் தேடிக் கிளம்பியவர்கள். முதலில் உட்கார்ந்த இடத்தில் ஒரு சாண் தோண்டுவதற்குள் பாறை. இரண்டாவது இடத்தில் ஊற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. மூன்றாவதாக ஒரு சமவெளிக்கு வந்தார்கள். மேடு இல்லை, பள்ளம் இல்லை. ஓரத்தில் ஒரு குட்டை மட்டும் கிடந்தது.

பேச்சாயி குனிந்து ஒரு பிடி அள்ளி விரலால் தேய்த்துப் பார்த்தாள். நறநறப்பே இல்லை. நிறமும் சிவக்க வறுத்த துவரம்பருப்பை இடித்த பொடி நிறம்.

"இதைப் பாருய்யா! ஒரு கல்லு இல்லை. யாரோ சலிச்சுக் கொட்டின மாதிரி இருக்கு."

"உங்கம்மாவாத்தான் இருக்கும்," என்றான் சடையன். "மாப்பிள்ளை வர்றாருன்னு பலகாரத்துக்குச் சலிச்சு வெச்சிருக்கும்."

"யாரும் சலிக்கலை அக்கா," என்றது காலடியிலிருந்து ஒரு மெல்லிய குரல். மண்தான் பேசியது. "மேற்கே ரொம்பத் தூரத்துல ஒரு பெரிய ஆறு. அது வத்தினப்போ காற்று என்னைத் தூக்கிட்டு வந்துச்சு. மணல் கனமா இருக்குன்னு அங்கேயே விட்டுட்டு, பொடியா இருந்த என்னை மட்டும் கொண்டுவந்து இங்கே போட்டுச்சு."

"விதைச்சா முளைக்கவிடுவியா?"

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே. போட்டுப் பாரு."

இரண்டு பேரும் குடிசை போட்டார்கள். சித்திரையில் ஒரு கோடை மழை விழுந்ததும் ஒரு படித் தினையையும் விதைத்தார்கள். பயிர் கிளுகிளுவென்று எழும்பி வந்தது. குழந்தை அந்த மெத்து மண்ணில்தான் தானாக உட்காரப் பழகியது. சாய்ந்து விழுந்தால்கூட அழாது. மண்ணும் அதனிடம் ஏதேதோ கதை பேசிக்கொண்டிருக்கும்.

வைகாசியில் ஒரு நாள் காற்று வந்தது. வந்ததும் வராததுமாகக் குடிசைத் தட்டியை ஒரு ஆட்டு ஆட்டியது.

"யார் வீட்டுச் சாமான் மேல யாரு விதைச்சது?"

"வாங்கண்ணே," என்றாள் பேச்சாயி. "கூழு குடிக்கிறீங்களா?"

"கூழெல்லாம் வேண்டாம். அது என் பொடி. கை வலிச்சுதேன்னு கொஞ்சம் இறக்கி வெச்சேன். ஆடியில வந்து எடுத்துக்கிட்டுக் கடல் பக்கம் போவேன்."

"கொண்டுபோய் என்ன பண்ணுவீங்க?"

காற்று நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றியது. அதை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. "என்ன பண்ணுவேன்? கொண்டுபோவேன். அதுதானே என் வேலை."

"என் தினை வேர் பிடிச்சு நிக்குதே அண்ணே."

"தினையையும் சேர்த்தே தூக்கிடறேன். அது ஒண்ணும் பெரிய சுமை இல்லை." சொல்லிவிட்டுப் போயே போய்விட்டது.

சடையன் கடப்பாரையை எடுத்தான். "கிளம்பு புள்ள. நாலாவது இடம் பாப்போம்."

"எதைத் தூக்கிட்டுக் கிளம்புறது? விதை முழுக்க இந்த மண்ணுக்குள்ள இருக்கு. கேழ்வரகு மூட்டை அடி தட்டிடுச்சு. மண்ணு பறந்தா சோறும் பறந்த மாதிரிதான். பிள்ளைக்கு எதைக் குடுப்பே, உன் கடப்பாரையையா?"

அவன் கடப்பாரையைத் தட்டியோரம் சாத்திவைத்தான்.

அன்று சாயங்காலமே ஒரு மழை வந்தது. பேச்சாயி வாசலில் நின்று அதைப் பிடித்துக்கொண்டாள். "மழையக்கா, நனைஞ்ச மண்ணைக் காற்று தூக்குமா?"

"தூக்காது. அதுக்கு அவ்வளவு தெம்பு ஏது?"

"அப்படின்னா ஆடி முடியற வரைக்கும் இந்த மண்ணு மேல உக்காந்திரேன்."

மழை சிரித்தது. "நான் உக்கார்றவளாடி? இறங்கின கையோடு கீழே போய்க்கிட்டே இருப்பேன். என் வீடு ஆழத்துல இருக்கு. நடுவுல யாராவது கதவைச் சாத்தினாத்தான் நிப்பேன். திறந்திருந்தா என் காலு நிக்காது."

பேச்சாயி யோசித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். முதல் பானையைச் சடையன் போட்டு உடைத்திருந்தான். மிச்சமிருந்த புதுப் பானையைத்தான் முந்தின நாள் பழக்க எடுத்திருந்தாள். புதுப் பானை என்றால் சும்மா தண்ணீர் ஊற்றினால் ஒழுகும். கெட்டியாகக் கூழ் காய்ச்சி ஊற்றி ஓர் இரவு வைக்க வேண்டும். கூழின் பசை ஓட்டிலிருக்கிற பொடித் துவாரத்திலெல்லாம் போய் உட்கார்ந்து அடைத்துவிடும். இப்போது அந்தப் பானையைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அப்படியே பானையை வைத்துவிட்டு வெளியே ஓடினாள்.

"மண்ணே, உன்கிட்ட கூழு மாதிரிப் பசையா ஏதாவது இருக்கா?"

"களின்னு பொடிசுங்க இருக்காங்க அக்கா. எனக்குள்ளேயே ஒட்டிக்கிட்டுக் கிடப்பாங்க. கண்ணுக்கே தெரியாது. தண்ணி எங்கே கூப்பிட்டாலும் பின்னாலேயே போயிடுவாங்க."

"நல்லதாப் போச்சு. மழையோட அவங்களைக் கீழே அனுப்பு. ஒரு முழத்துல நின்னு, இருக்கிற துவாரத்தையெல்லாம் அடைக்கச் சொல்லு. தண்ணி மேலேயே நிக்கும். காற்றால உன்னைத் தொட முடியாது."

மண் கொஞ்சம் தயங்கியது. "அடைச்சா எனக்கு ஒண்ணும் ஆகாதே?"

"பானைக்கு என்ன ஆச்சு? கல்லு மாதிரி உக்காந்திருக்கு. நான் சொல்றேன்ல, அனுப்பு."

மண் அனுப்பிவிட்டது. களிப் பொடிசுகள் திருவிழாவுக்குப் போகிற மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தண்ணீரோடு இறங்கின. ஒரு முழத்தில் நின்றன. துவாரம் துவாரமாகப் புகுந்து, ஊறி, உப்பி, அடைத்துக்கொண்டன. கீழே போன மழை முட்டி நின்றது. பிறகு ஆனி மாத மழையும் சேரச் சேர மெல்ல மேலே ஏறி, மாதக் கடைசியில் தினையின் இடுப்பு வரைக்கும் வந்து நின்றது.

ஆடி பிறந்தது. காற்று வந்தது. மூன்று நாள் ஊதிப் பார்த்தது. தண்ணீர் மேல் சுருக்கம் விழுந்ததே தவிர ஒரு சிட்டிகைப் பொடி கிளம்பவில்லை. நாலாம் நாள் கோபத்தில் குடிசைக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

"கூரை போனா என்ன, ஓலை இருக்கு வேய்ஞ்சுக்கலாம்," என்று பேச்சாயி குழந்தையைத் தூக்கிச் சுற்றினாள். "நிலம் நம்மளுது!"

காற்று போய்விட்டது. தண்ணீர் போகவில்லை. குட்டையும் நிரம்பிக் கிடந்ததால் வெட்டி விடவும் வழியில்லை. ஐந்து நாள் பார்த்தாள், பத்து நாள் பார்த்தாள். தினை மஞ்சளாகி, சாய்ந்து, அழுகியது. காலை வைத்தால் கெட்டுப்போன முட்டை வாடை அடித்தது.

ஒரு காலையில் மண்புழு ஒன்று வரப்பில் ஏறி வந்து அவள் முன்னால் நின்றது. உடம்பெல்லாம் வெளுத்திருந்தது.

"ஏ பொண்ணே, என்ன வேலை பண்ணி வெச்சிருக்கே? உன் மண்ணு கடைசியா எப்பப் பேசுச்சு?"

பேச்சாயிக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை நாளாகக் குரலே கேட்கவில்லை! சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். கையை முழங்கை வரை விட்டு ஒரு பிடி அள்ளினாள். துவரம்பருப்பு நிறமெல்லாம் போயிருந்தது. கையில் இருந்தது சாம்பல்.

"மண்ணே! என்னாச்சு உனக்கு?"

"மூச்சு... அக்கா... மூச்சு முட்டுது," என்றது மண். அவ்வளவு சின்னக் குரல். "உடம்புச் சிவப்பெல்லாம் கரைஞ்சு போகுது. கொஞ்சத்தையாவது பிடிச்சு வெப்போம்னு கைக்குள்ள உருட்டி வெச்சிருக்கேன்." அவள் விரலிடுக்கில் மிளகு மிளகாக இறுகிக் கறுத்துப்போன உருண்டைகள் தட்டுப்பட்டன.

சடையன் ஓடிவந்து கடப்பாரையால் ஓங்கிக் குத்தினான். ஒரு முழத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

"யாரது?" என்றன களிப் பொடிசுகள் கீழேயிருந்து. "கதவு சாத்தியிருக்கு."

"திறங்கடா!"

"சாத்தத்தானே சொன்னீங்க? ஊதிப் பிதுங்கி ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறி நிக்கிறோம். இனிமே மேலே வர எங்களுக்கு வழி தெரியாது."

அவன் விடாமல் குத்தினான். கடப்பாரையை உருவியதும் ஓட்டை வழுக்கிக்கொண்டு மூடியது.

பேச்சாயி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். பானை வெந்த ஓடு, அதற்கு மூச்சு கிடையாது. மண்ணுக்கு உண்டு. அதை நினைக்காமல் போனோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு எழுந்து, மேற்குப் பக்கம் பார்த்துச் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள்.

"அண்ணே! காற்றண்ணே! ஒரு நடை வந்துட்டுப் போங்க!"

"கூரையைத் திருப்பிக் கேக்கவா?" காற்று முறைப்பாகத்தான் வந்தது.

"கூரை உங்களுக்கே இருக்கட்டும். உங்க பொடியை உங்களைக் கேக்காம அடைச்சுப் போட்டேன். தப்பு என்னுதுதான். ஆனா பாருங்க, அது சாகுது. செத்துப் போச்சுன்னா உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை."

அவள் நீட்டிய சாம்பல் பிடியைக் காற்று சுற்றிச் சுற்றிப் பார்த்தது. அத்தனை தூரம் கையில் ஏந்தி வந்த பொடியல்லவா? அதன் முறைப்பு இறங்கிவிட்டது.

"சரி, ஊதறேன். ஆனா தண்ணிக்குள்ள நான் எப்படிம்மா நுழைவேன்?"

பேச்சாயிக்கு அடுப்படி ஞாபகம்தான் வந்தது. ஈர விறகு அணைந்துபோனால் குழலை வைத்துத்தானே ஊதுவோம்? "ஒரு குழல் வேணும். அதுவும் தண்ணியில அழுகாத குழல்."

"குட்டை ஓரத்துல ஒரு புல்லு நிக்குது," என்றது மண்புழு. "வருஷம் பூரா தண்ணியிலேயே நிக்குது, அழுகலை. தண்டுக்குள்ள வழி இருக்கு, வேர் வரைக்கும். நான் நுழைஞ்சு பார்த்திருக்கேன்."

இரண்டு பேரும் குட்டைக்கு ஓடினார்கள். புல்லை வேரோடு பிடுங்கி, முடிச்சு முடிச்சாகக் கட்டிக் கொண்டுவந்தார்கள். குழந்தையை வரப்பில் உட்காரவைத்துவிட்டு, பேச்சாயி குனிந்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து, சாணுக்கு ஒன்றாக நட்டுக்கொண்டே போனாள். இடுப்பு கழன்றுவிடும் போல இருந்தது. அன்று இருட்டுவதற்குள் நிலம் முழுக்க நட்டாயிற்று.

காற்று ஒவ்வொரு தாளின் நுனியிலும் வாயை வைத்து ஊதியது. தாள் வழியாக இறங்கி, வேர் வழியாகக் கசிந்தது. அது தொட்ட இடத்தில் மட்டும், வேரைச் சுற்றி, ஊசி முனை அளவுக்கு மண் சிவந்தது. அங்கே ஒன்று, இங்கே ஒன்று.

"வருது அக்கா," என்றது மண். "கொஞ்சம் கொஞ்சமா வருது."

"இவ்வளவுதான் என்னால முடியும்," என்றது காற்று மூச்சு வாங்கிக்கொண்டே. "பழைய நிறம் முழுசா வராது. குட்டை இறங்கினதும் நடுநடுவே நாலு நாள் தண்ணியை அதுல வடிச்சு விடு, நானே நேரா வந்து ஊதறேன். கோடையில காய்ஞ்சு வெடிச்சா, வெடிப்புக்குள்ள இறங்கி உக்காந்து பேசிட்டுப் போறேன்."

"திரும்பத் தூக்கிட்டுப் போயிட மாட்டீங்களே?"

"இதையா? எப்பவும் ஈரத்துல ஊறிக் கிடக்கு. என்னால ஆகாதும்மா. நீயே வெச்சுக்க."

அந்தப் புல் மார்கழியில் கதிர் விட்டது. தையில் மணி முற்றியது. குத்திப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று அரிசி. பேச்சாயி குழையக் குழைய வடித்து மசித்து ஒரு வாய் ஊட்டினாள். குழந்தை சப்புக்கொட்டிவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தது.

அன்று முதல்தான் களி இறங்கிப்போன அந்த மண் மேலே வெறும் மாவாகவும், ஒரு முழத்தில் கல்லாகவும், உள்ளே சாம்பலாகவும் இருக்கிறது. வேர் போன வழியெல்லாம் செம்புள்ளி, நடுநடுவே கறுப்பு மணி. தினையை வாழவிடாத அந்த நிலம் நெல்லை மட்டும் தாங்கிக்கொள்கிறது. அந்தப் பக்கத்து வயல்களில் பயிர் பக்கம் வெடித்துத் தூர் கட்டுகிற நாள் வந்துவிட்டால், சாப்பிட உட்கார்ந்த புருஷனைக்கூடப் பெண்கள் விட மாட்டார்கள்.

"சோறு எங்கேயும் ஓடிடாது. எந்திரிய்யா, முதல்ல போய் மடையைத் திறந்து தண்ணியை வடிய விட்டுட்டு வா. மண்ணு கொஞ்சம் மூச்சு விடட்டும்."