ஐம்பத்தோராவது மீட்டர்

"வேலையை விட்டுடறேன் அம்மா" என்றார் தில்லைநாதன்.

மாசிலா அம்மை, மடத்துத் தோட்டத்தில் வாழைக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார். தில்லைநாதனைவிடப் பத்து வயது இளையவர். இருந்தாலும் பன்னிரண்டு வருஷமாக அவர்தான் இவருக்குக் குரு.

"ஏன்?"

"உணவுப் பாதுகாப்பு அதிகாரின்னு எனக்கு ஒரு பேரு. சின்னப் பிள்ளைங்க வயித்தைக்கூடக் காப்பாத்த முடியல."

அம்மை மண்ணை அள்ளி ஓரமாகப் போட்டார்.

தில்லைநாதன் கொட்டித் தீர்த்தார். அரசுப் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு குளிர்பானக் கம்பெனி பெரிய விளம்பரப் பலகை வைத்திருக்கிறது. பாட்டிலைக் கட்டிப்பிடித்துச் சிரிக்கும் முயல். பலகைக்கு அடியிலேயே கடை. மூன்று மூடி கொண்டுவந்தால் ஒரு பொம்மை. பிள்ளைகள் மூடிக்காகவே குடிக்கிறார்கள். சத்துணவு பாதிக்குப் பாதி குப்பைக்குப் போகிறது. ஆறாம் வகுப்பு தாமரைச்செல்விக்கு ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறதென்று போன வாரம் ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். பதினோரு வயது.

"சட்டம் இல்லையா?"

"இருக்கு. பள்ளிக்கூட வாசல்லேர்ந்து ஐம்பது மீட்டருக்குள்ள இதெல்லாம் விக்கவும் கூடாது, விளம்பரம் பண்ணவும் கூடாது. டேப் வச்சு அளந்தேன். ஐம்பத்தொண்ணு. மறுமுனையைப் பிடிச்சுக்கிட்டு நின்னதே கம்பெனி மேனேஜர்தான். சிரிக்கிறான் அம்மா."

அம்மை கடப்பாரையை அவரிடம் நீட்டினார்.

தில்லைநாதன் பதறிப்போனார். "பலகையைச் சாய்க்கச் சொல்றீங்களா? சட்டத்தை மீறலாமா?"

"மீற வேண்டாம்."

"அப்புறம் இது எதுக்கு?"

"பலகை நகராது. சட்டமும் நகராது" என்றார் அம்மை. தண்ணீர் எடுக்கப் போய்விட்டார்.

ஸ்கூட்டரில் கடப்பாரையைக் கட்டிக்கொண்டு தில்லைநாதன் திரும்பினார். வழியெல்லாம் கோபம். கேட்டதற்கு ஒரு நேரான பதில் கிடையாதா?

பள்ளிக்கூடம் வந்ததும் முயலுக்குக் கீழே வண்டியை நிறுத்தினார். பலகையைப் பார்த்தார். எதிரே பள்ளியின் வடக்குச் சுவரைப் பார்த்தார். நடந்து பார்த்தார். பதினைந்து எட்டு வைத்ததும் சுவர் வந்துவிட்டது.

வாசல் கிழக்கே, அந்தக் கோடியில் இருந்தது.

ஐம்பத்தாறு வயதில் தில்லைநாதன் ஓடினார்.

தலைமையாசிரியை ரெஜினா திகைத்துப்போனார். "சுவரை இடிக்கணுமா?"

"வாசல் வைக்கணும் டீச்சர்."

பள்ளி மேலாண்மைக் குழு கூடியது. பெற்றோர்கள் கைதூக்கினார்கள். ரெஜினா அதோடு விடவில்லை. "தினமும் வந்து போறது அவங்கதானே" என்று பிள்ளைகளையும் மைதானத்தில் உட்காரவைத்துக் கேட்டார்.

தாமரைச்செல்வி எழுந்து தில்லைநாதனைப் பார்த்தாள்.

"முயல் போயிடுமா சார்?"

"போயிடும்மா."

"பொம்மை?"

"அதுவும் கிடைக்காது."

"என்கிட்ட ரெண்டு மூடி இருக்கு சார். இன்னும் ஒண்ணுதான்."

தில்லைநாதனுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

அவள் தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"பரவால்ல. இடிங்க."

அனுமதி வர ஒன்றரை மாதம் ஆனது. முதல் அடியை ரெஜினாவே போட்டார். கிழக்கு வாசலைக் கல் வைத்து அடைத்தார்கள். பள்ளியின் பெயர்ப்பலகை வடக்கே வந்தது. புது வாசலின் பச்சைப் பெயின்ட் காயுமுன்பே தில்லைநாதன் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டார்.

மேனேஜர் தானே டேப்போடு வந்தார். இந்தத் தடவை மறுமுனையைத் தில்லைநாதன் பிடித்துக்கொண்டார்.

பதினொன்று.

மேனேஜர் டேப்பைச் சுருட்டினார். சிரிப்பு இல்லை.

"எங்களைத் தூக்கணும்னே வாசலை மாத்தியிருக்கீங்க."

"ஆமா."

"நாங்க தெற்கே போய் வைப்போம் சார். அங்கேயும் எங்களுக்கு இடம் இருக்கு."

தில்லைநாதன் பள்ளிக்கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"வைங்க" என்றார். "சுவர் நாலு பக்கமும் இருக்கு."